புகையிலை மெல்லுவதை விடுகிறவருக்கு எந்தத் துணை பொருந்தும்?

"புகையிலையை விடுவதற்கு நல்ல மாத்திரையாக ஒன்று கொடுங்கள்" என்று மருந்துக்கடைக்கு வருகிறவரிடம் நான் உடனே எதையும் எடுத்து நீட்டுவதில்லை. இரண்டு கேள்விகள் கேட்பேன். காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்துக்குள் முதல் வாய் போடுகிறீர்கள்? கடைவாய்ப் பற்கள் எத்தனை மிச்சம் இருக்கின்றன? முதல் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் வந்துவிடும். இரண்டாவது எதற்கு என்று புரியாமல் விழிப்பார்கள். ஆனால் எதைக் கொடுப்பது என்று முடிவு செய்வதில் அதற்குத்தான் பங்கு அதிகம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

சிகரெட்டை விடுவதைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். மெல்லும் புகையிலையை விடுவது பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பவற்றில் பல, அதே சிகரெட் அறிவுரையில் பெயரை மட்டும் மாற்றியவை. நாட்டின் நிலவரமோ தலைகீழ். 2016-17-இல் நடந்த அகில இந்தியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 21.4 சதவீதம் பேர் மெல்லுவது, அடக்குவது போன்ற புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்தினார்கள், புகைப்பவர்கள் 10.7 சதவீதம் மட்டுமே.

கொங்குப் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பவானி, அந்தியூர்ப் பக்கம் மெல்லும் புகையிலை விளைகிற பூமி. காவிரிக் கரையில் பரமத்தி வேலூரைச் சுற்றி வெற்றிலைக் கொடிக்கால்கள். சற்றுத் தெற்கே வேடசந்தூரில் மெல்லும் புகையிலையை ஆராய மத்திய அரசின் நிலையமே இருக்கிறது. கண்ணெதிரே விளையும் பொருளை யாரும் போதையாக நினைப்பதில்லை. அப்பா முன்னால் பீடி பற்றவைக்கக் கூசுகிற மகன், அப்பாரின் (தாத்தாவின்) வெற்றிலைப் பையில் கைவிட்டு ஒரு துணுக்குக் கிள்ளிக்கொண்டால் வீட்டில் ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. கிழவிகளின் சுருக்குப்பையில் சில்லறையோடு புகையிலையும் இருப்பது இயல்பான சங்கதி. அதனால் விட நினைப்பவருக்கு ஊர் துணைக்கு வராது. மருந்தும் முறையும்தான் துணை. அவற்றில் எது யாருக்கு என்பதே இந்தக் கட்டுரை.

முதலில், விட்டால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரத்தத்தில் இருக்கும் நிகோடின் பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். கடைசி வாயைத் துப்பிய சில மணி நேரத்திலேயே தவிப்பு ஆரம்பித்துவிடும். இரண்டாம் மூன்றாம் நாட்களில் அது உச்சத்துக்குப் போகும். முதல் வாரம் கடினம். அதன்பிறகு இறங்கத் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களில் உடம்பின் தொல்லைகள் பெரும்பாலும் அடங்கிவிடும். காரணமில்லாத எரிச்சல், தூக்கம் பிடிக்காமை, ஓயாத பசி, ஒரு வேலையில் மனம் நிற்காமை, சோர்வு, மலச்சிக்கல் எல்லாம் வரும். வாயில் சிறு புண்களும் வரலாம். "போட்டால்தான் காலையில் வயிறு இளகும்" என்கிறவர்களுக்கு மலச்சிக்கல்தான் முதல் வாரத்தின் பெரிய எதிரி. புகையிலைக்குத் திரும்பிப் போகிறவர்களில் சிலர் ஆசையால் போவதில்லை, வயிற்றால் போகிறார்கள். வெந்நீர், கீரை, கம்பங்கூழ், பாசிப்பயறு, காலையில் அரை மணி நேர நடை என்று அதற்குத் தனியாக ஏற்பாடு செய்துகொள்வது எந்த மருந்துக்கும் குறையாத துணை.

இவை தவிர, "இப்போதே வேண்டும்" என்று திடீரென எழுகிற வேட்கை ஒன்று உண்டு. அது ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே நீடிக்கும். ஆனால் மாதக்கணக்கில், சாப்பாடு முடிந்த நேரம், தறி ஓட ஆரம்பிக்கும் நேரம், சந்தையில் பேரம் நடக்கும் நேரம் என்று பழகிய இடங்களில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இங்கேதான் மெல்லுகிறவர் புகைப்பவரிடமிருந்து வேறுபடுகிறார். உடம்பு நிகோடினைக் கேட்கிறது. வாய் எதையாவது மெல்ல, அடக்க, துப்பக் கேட்கிறது. புகைப்பவருக்கு ஒரு சிகரெட் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கன்னத்தில் அடக்கியவருக்கு அரை மணி நேரம், ஒரு மணி நேரம் என்று நிகோடின் ஊறிக்கொண்டே இருக்கும். கூடவே சுண்ணாம்பு வேறு. சுண்ணாம்பின் காரத்தன்மைதான் புகையிலையிலிருந்து நிகோடினைப் பிரித்து, கன்னத்தின் தோல் வழியாக விரைவாக உள்ளே இறக்குகிறது. பெரியவர்கள் "சுண்ணாம்பு இல்லாவிட்டால் ஏறாது" என்று சொல்வதில் வேதியியல் இருக்கிறது. ஆக, எந்தத் துணையை எடுத்தாலும் உடம்பு கேட்பது, வாய் கேட்பது இரண்டில் எதற்கு அது பதில் சொல்கிறது என்று பார்த்தால் போதும். ஒப்பிடுவது எளிதாகிவிடும்.

ஒரேயடியாகவா, கொஞ்சம் கொஞ்சமாகவா?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. 2016-இல் வெளியான ஓர் ஆங்கிலேய ஆய்வில் ஏறத்தாழ 700 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை ஒரு நாள் குறித்து மொத்தமாக நிறுத்தச் சொன்னார்கள். மற்றவர்களை இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார்கள். நான்கு வாரம் கழித்து, மொத்தமாக நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேரும் குறைத்தவர்களில் 39 சதவீதம் பேரும் விட்ட நிலையில் இருந்தார்கள். இது புகைப்பவர்களிடம் நடந்தது, அவர்களுக்கு நிகோடின் மருந்தும் ஆலோசனையும் கொடுத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

மெல்லுகிறவர்களுக்கு இந்த முடிவு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும் என்பது என் கருத்து. சிகரெட்டை எண்ணலாம். இலைப் புகையிலையைக் கிள்ளுகிறவர் எதை எண்ணுவது? பத்துக் கிள்ளு ஐந்தாகும்போது ஒவ்வொரு கிள்ளும் இரட்டிப்பாகிவிடும்; அடக்கி வைக்கும் நேரமும் நீளும். பொட்டலமாக வாங்குகிறவருக்கு மட்டும் எண்ணிக் குறைப்பது ஓரளவு நடக்கும். அதிலும் 2013 முதல் குட்காவும் பான்மசாலாவும் தமிழ்நாட்டில் தடை என்பதால், ஒளித்து விற்கிற இடத்தில் "கிடைக்கும்போதே வாங்கி வைப்போம்" என்று கட்டாக வாங்கிவிடுகிறார்கள். கையிருப்பு இருக்கிற வீட்டில் குறைப்பது என்பது பேச்சோடு நின்றுவிடும்.

குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அளவைவிட நேரத்தைக் குறைப்பது நல்லது. காலை முதல் வாயை ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுவது, வாயில் வைத்துக்கொண்டு தூங்குவதை முதல் நாளே நிறுத்துவது என்று போய், குறித்த தேதியில் முழுதாக நிறுத்திவிட வேண்டும். தேதி இல்லாத குறைப்பு மூன்றாம் மாதத்திலும் குறைப்பாகவே இருக்கும்.

சோம்பும் ஏலக்காயும், பாக்கு என்னும் பொறியும்

மருந்தே வேண்டாம், வாய்க்கு எதையாவது கொடுத்தால் போதும் என்கிறவர்கள் உண்டு. சோம்பு, ஏலக்காய், சுக்குத் துண்டு, உலர்ந்த நெல்லிக்காய், தேங்காய்ச் சில்லு என்று ஆளுக்கொன்றைச் சொல்வார்கள். இவை வாய் கேட்பதற்குப் பதில். உடம்பு கேட்பதற்கு இவற்றில் எதுவும் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் ஒன்றிரண்டு வாய் போடுகிறவருக்கு இதுவே போதும். அவருக்கு நான் மாத்திரை விற்பதில்லை. காலை பல் துலக்குமுன் போடுகிறவருக்கு இது தனியாக நிற்காது. அவரும் மருந்தோடு சேர்த்துத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். கிராம்பு மட்டும் வாய்ப்புண் இருப்பவருக்கு எரியும். அதிமதுரம் இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் அதை நாள் முழுவதும் சப்பிக்கொண்டிருக்கக் கூடாது. சர்க்கரை நோயாளி கடலை மிட்டாயில் விழுந்துவிடக் கூடாது. விட்ட புதிதில் பசியும் இனிப்பு ஆசையும் கூடும் என்பதால் இந்த ஆபத்து உண்மையானது.

ஆனால் எல்லோருக்கும் தோன்றுகிற முதல் யோசனை வேறு: "புகையிலையை மட்டும் விட்டுவிட்டு வெறும் வெற்றிலை பாக்குப் போட்டுக்கொள்கிறேன்." பார்க்க மிக நியாயமாகத் தெரியும். வீட்டுப் பெண்களே இதைச் சிபாரிசு செய்வார்கள். இருக்கிற வழிகளிலேயே மோசமானது இதுதான் என்பேன். புகையிலை கலக்காத வெற்றிலை பாக்கும், பாக்கு தனியாகவும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இலேயே வகைப்படுத்திவிட்டது. வாயின் உட்தோல் கயிறுபோல் இறுகி, வாயே திறக்க முடியாமல் போகிற நோய் பாக்கினால் வருவது. பாக்குக்கும் பழக்கம் பிடிக்கும் குணம் உண்டு. இத்தனைக்கும் மேலே, பாக்குவெட்டியும் சுண்ணாம்பு டப்பியும் கையிலேயே இருக்கும். நாலு பேர் கூடிய இடத்தில் ஒருவர் புகையிலைக் காம்பை நீட்டினால், எல்லாம் தயாராக இருக்கும் வாயில் அது மட்டும் விழாமல் இருக்குமா?

கல்யாண வீட்டில் தாம்பூலத்தை மறுக்க முடியாதே என்பார்கள். மறுக்க வேண்டாம். இரு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தால் மரியாதைக்கு ஒரு குறையும் வந்துவிடாது. புகையிலையை விட்டுப் பீடிக்குப் போவது, மூக்குப்பொடிக்குப் போவது ஆகியவற்றையும் சிலர் மாற்று வழி என்கிறார்கள். அவை மாற்று அல்ல, வேறு வாசல். மின்சிகரெட் இந்தியாவில் 2019 முதல் சட்டப்படி தடை.

சூயிங்கமா, சப்பு மாத்திரையா, பேட்ச்சா?

நிகோடினையே சிறிய அளவில், புகையிலையின் நச்சுகள் இல்லாமல் கொடுத்து, பிறகு அதையும் குறைத்து நிறுத்துவது இந்த மருந்துகளின் வேலை. "நிகோடினை விட வந்தவனுக்கு நிகோடினையே தருகிறீர்களே" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. பழக்கம் பிடிக்கச் செய்வது நிகோடின். வாயில் புற்று வைப்பதில் முதல் குற்றவாளி புகையிலையில் இருக்கும் நைட்ரோசமின் போன்ற வேறு பொருட்கள். முதலில் அவற்றைக் கழற்றிவிட்டு, நிகோடினைப் பிறகு இறக்குகிறோம்.

சூயிங்கம் 2 மி.கி., 4 மி.கி. என்று இரண்டு அளவில் வருகிறது. 2 மி.கி. மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கும், 4 மி.கி.க்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். மெல்லிப் பழகியவருக்கு மெல்லும் மருந்து என்றால் பொருத்தம் அபாரம் என்றுதான் தோன்றும். நடைமுறையில் தகராறே அங்குதான். பள்ளிபாளையத்துத் தறிக்காரர் ஒருவர் வாங்கிப்போன மறுநாளே அட்டையைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். "காரம் தொண்டையைப் பிடிக்கிறதுங்க, விக்கல் நிற்கவே இல்லை" என்றார். எப்படி மென்றீர்கள் என்று கேட்டு, எதிரே நிற்க வைத்து ஒன்றை மெல்லச் சொன்னேன். தாடை இரண்டு பக்கமும் புடைக்க, வெற்றிலையை அரைப்பதுபோல் இரண்டே நிமிடத்தில் அரைத்து, ஊறிய சாறு முழுவதையும் மடக்கென்று விழுங்கிவிட்டார். விக்கல் வராமல் என்ன செய்யும்? வயிற்றுக்குப் போன நிகோடின் பயன்படாது. எரிச்சலும் விக்கலும் குமட்டலும்தான் மிச்சம்.

மிட்டாய்ச் சூயிங்கம்போல் மெல்லக் கூடாது. மெதுவாகச் சில முறை கடித்ததும் மிளகுபோல் ஒரு சுருக்கென்ற காரம் வரும். உடனே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். காரம் தணிந்ததும் மீண்டும் சில கடி, மறுபடி வேறு பக்கம் ஒதுக்கல். ஒரு வில்லைக்கு அரை மணி நேரம். புகையிலையை அடக்கத் தெரிந்தவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே தேவையில்லை; "மெல்லாதீர்கள், அடக்குங்கள்" என்ற இரண்டு சொற்கள் போதும். தறிக்காரருக்கு அது புரிந்துவிட்டது.

இன்னொன்று, புளிப்பு. காபி, எலுமிச்சைச் சாறு, குளிர்பானம், மோர் எதையாவது குடித்த வாயில் சூயிங்கத்தைப் போட்டால் நிகோடின் கன்னத்தில் சரியாக ஏறாது. சுண்ணாம்பு செய்கிற வேலைக்கு நேர் எதிரான வேலையைப் புளிப்பு செய்கிறது. பதினைந்து நிமிடம் இடைவெளி விட்டு, வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டுப் போட வேண்டும். மதியம் மோர்ச்சோறு சாப்பிட்ட கையோடு போட்டுவிட்டு "இது வேலை செய்யவில்லை" என்கிறவர்கள் அதிகம். அப்படியானால் சூயிங்கத்தோடு துளி சுண்ணாம்பு தடவிக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. ஏற்கெனவே வெந்துபோன கன்னம் அது.

இப்போது பற்களுக்கு வருவோம். நீண்ட நாள் மென்றவர்களுக்குப் பற்கள் தேய்ந்து, ஆடி, விழுந்திருக்கும், ஈறு இறங்கியிருக்கும். பல் செட் கட்டியிருந்தால் சூயிங்கம் அதில் ஒட்டிக்கொள்ளும். தாடை மூட்டில் வலி உள்ளவர்களுக்கும் இது ஆகாது. இவர்கள் எல்லோருக்கும் லோசெஞ்ச் எனப்படும் சப்பு மாத்திரை நல்லது. கடிக்காமல், விழுங்காமல், கன்னத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக் கரையவிட வேண்டும். அடக்கி வைக்கும் பழக்கத்துக்கு இதைவிட நெருக்கமான மருந்து கிடையாது. புளிப்பு விதி இதற்கும் உண்டு. எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் வாய் போடுகிறவருக்கு 4 மி.கி., மற்றவர்களுக்கு 2 மி.கி. என்பது பொதுவான கணக்கு. பார்க்க மிட்டாய்போலவே இருப்பதால் பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு நிகோடின் விஷம்.

பேட்ச் தோளிலோ மேல்மார்பிலோ முதுகிலோ ஒட்டுவது. 21, 14, 7 மி.கி. என்று படிப்படியாக இறங்கும். காலையில் ஒட்டினால் நாள் முழுவதும் ஒரே சீராக நிகோடின் இறங்கும். நினைவு வைத்து எதையும் செய்ய வேண்டியதில்லை. உடம்பு கேட்பதற்கு இது நேர்த்தியான பதில். வாய் கேட்பதற்கு இதில் ஒன்றுமில்லை. திடீர் வேட்கைக்கும் இது உடனே உதவாது. கரூர், ஈரோட்டுச் சித்திரை வெயிலில், அதுவும் தறிப்பட்டறையிலோ சாயப்பட்டறையிலோ நிற்கிறவருக்கு வியர்வையில் கழன்று விழுந்துவிடும். ஒட்டிய இடம் அரிக்கலாம், கனவுகள் குழம்பலாம். அப்படியானால் இடத்தை நாள்தோறும் மாற்றி, படுக்கும்போது கழற்றிவிடலாம். பேட்ச்சோடு வேட்கை வரும்போது மட்டும் ஒரு சப்பு மாத்திரை என்று சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருவது புகைப்பவர்களிடம் நிரூபணமாகியிருக்கிறது. மெல்லுகிறவரில் அதிகம் போடுகிறவருக்கு மருத்துவர் இப்படிச் சேர்த்து எழுதுவது உண்டு.

ஆதாரம் என்ன சொல்கிறது? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் புகையில்லாப் புகையிலைக்கென்று வெளியிட்ட மதிப்பாய்வில் சப்பு மாத்திரைக்கும், சீட்டோடு வாங்க வேண்டிய வாரெனிக்லின் மாத்திரைக்கும் (அதைப் பற்றிக் கீழே), ஆலோசனைக்கும் பலன் தெரிந்தது. சூயிங்கத்துக்கும் பேட்ச்சுக்கும் தெளிவான பலன் தெரியவில்லை. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஸ்காண்டிநேவியாவிலும் ஈரப்பொடியை உதட்டடியில் வைக்கிறவர்களிடம் நடந்தவை. சுண்ணாம்பும் பாக்கும் சேர்த்து மெல்லும் நம் ஆட்களிடம் நடந்தவை குறைவு. 2024-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலோ, புகையில்லாப் புகையிலையை விடுகிறவர்களுக்குத் தீவிர ஆலோசனையையும், வாரெனிக்லின் அல்லது நிகோடின் மாற்று மருந்தையும் பரிந்துரைக்கிறது. இரண்டையும் வைத்துப் பார்த்தால், நிகோடின் மருந்துகள் மூன்றில் ஒன்றை எடு என்றால் நான் சப்பு மாத்திரையைத்தான் எடுப்பேன். அது கிடைக்காத ஊரில், பற்கள் நன்றாக இருந்தால், சூயிங்கம். பேட்ச் தனியாக என்றால் கடைசி இடம்.

செலவையும் மறைக்கக் கூடாது. "சிகரெட்டை விட்டால் காசு மிச்சம்" என்ற வாதம் இங்கே எடுபடாது. இலைப் புகையிலை மலிவு; மருந்து அதைவிட விலை கூடியது. முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, பிறகு குறைத்து மொத்தம் மூன்று மாதம் என்று திட்டம் போட்டால் கை கடிக்கும். அதனால்தான் பலர் நாளுக்கு இரண்டு வில்லையோடு சிக்கனம் பிடித்து, தவிப்பு தாங்காமல் பழையபடி போகிறார்கள். பத்து நாளைக்குப் போதாத மருந்தை முப்பது நாளைக்கு நீட்டுவதைவிட, அரசு மருத்துவமனைக்குப் போய்க் கேட்பது மேல். தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் மாவட்ட மருத்துவமனைகளில் புகையிலைப் பழக்கத்தை நிறுத்த உதவும் மையங்கள் இயங்குகின்றன. பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இதற்கான பிரிவுகள் உண்டு.

சீட்டு வேண்டிய மருந்துகள்

வாரெனிக்லினில் நிகோடின் கிடையாது. மூளையில் நிகோடின் போய் உட்காரும் இடத்தில் இது பாதி வேலை செய்து உட்கார்ந்துகொள்ளும். தவிப்பு குறையும், அதையும் மீறிப் புகையிலை போட்டால் பழைய சுகம் கிடைக்காது. விடும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும்: மூன்று நாள் 0.5 மி.கி. ஒரு வேளை, நான்கு நாள் அதுவே இரு வேளை, பிறகு 1 மி.கி. இரு வேளை, மொத்தம் 12 வாரம். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சாப்பிட்டபின் நிறையத் தண்ணீரோடு போட வேண்டும். கனவுகள் பளிச்சென்று வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அளவு மாறும். மனநிலையைக் கெடுக்கும் என்ற பழைய பயத்தை 2016-இல் வந்த பெரிய ஆய்வு பெருமளவு போக்கிவிட்டது. இருந்தாலும் மனநல சிகிச்சையில் இருப்பவர் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே முயன்று தோற்றவர்களுக்கும், வாயில் வைத்தபடியே தூங்குகிற அளவுக்குப் போனவர்களுக்கும் நேராக இதற்கே போகலாம் என்பது என் எண்ணம்.

புப்ரோபியான் என்று இன்னொன்று உண்டு. புகைப்பவர்களுக்கு உதவுகிறது, மெல்லுகிறவர்களிடம் பலன் தெரியவில்லை. வலிப்பு உள்ளவருக்கு ஆகவே ஆகாது. இதை முதல் தேர்வாக வைக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தொலைபேசியை மட்டமாக நினைக்க வேண்டாம்

ஆலோசனை என்றதும் "பேசினால் போய்விடுமா?" என்று முகம் சுளிப்பார்கள். மெல்லும் புகையிலையைப் பொறுத்தவரை, ஆய்வுகளில் தொடர்ந்து பலன் தெரிகிற துணை இதுதான். 1800 11 2356 என்ற தேசிய இலவச எண் 2016 முதல் இருக்கிறது. பிறகு பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவ நிறுவனத்தின் மையமும் இதில் சேர்ந்ததால் தமிழிலும் பேசலாம். விடும் தேதி குறிப்பது, முதல் வாரத்தில் அவர்களே திரும்ப அழைத்து விசாரிப்பது என்று நடக்கும். பொட்டலத்தின் எச்சரிக்கைப் படத்தோடு இந்த எண்ணை அச்சிட்டிருப்பார்கள். தாளில் மடித்துத் தரும் இலைப் புகையிலையில் எண்ணும் இல்லை, படமும் இல்லை. அதனால் அதைப் போடுகிறவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

வேலையும் இதில் கணக்கு. நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர் வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு புறப்படும் நாளை விடும் தேதியாக வைக்கக் கூடாது. முதல் மூன்று நாள் கவனம் சிதறும், தூக்கம் கெடும்; வாரெனிக்லினும் சிலருக்குக் கிறுகிறுப்பைத் தரும். வண்டி பட்டறையில் நிற்கும் வாரம்தான் சரியான வாரம். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியோடு மாதக்கணக்கில் வெளிமாநிலம் போகிறவர்கள் புறப்படும் முன்பே முழு மருந்தையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கூட இருக்கும் ஆட்களில் இன்னொருவரையும் சேர்த்து விடச் செய்தால் பாதிச் சுமை குறையும். திருப்பூரில் இரவு ஷிப்டு பார்க்கிறவருக்குத் தூக்கத்தை விரட்டப் புகையிலை. அவர் விழித்திருக்க ஒரு டீ கூடக் குடிக்கலாம். காபி, டீயைப் பாதியாகக் குறைக்கச் சொல்வது புகைப்பவர்களுக்கான அறிவுரை. புகை நின்றால் உடம்பில் காஃபின் தேங்கும் என்பதால் அப்படிச் சொல்வார்கள். மெல்லுகிறவருக்கு அது பொருந்தாது. மருந்து வாயில் இருக்கும்போது மட்டும் குடிக்கக் கூடாது.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள் மேலே சொன்ன எந்த மருந்தையும் கடையில் கேட்டு வாங்கக் கூடாது. அவர்களுக்கு முதலில் ஆலோசனை. மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார்.

வயதான பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆத்தாவுக்குப் புகையிலை ஆரம்பித்ததே பல்வலிக்காகத்தான் இருக்கும். விட்டதும் மரத்துப்போயிருந்த வலி திரும்ப எழும். "இதை விட்டதால்தான் வலி" என்று மறுபடி கிள்ளிவிடுவார். ஆகவே விடும் தேதிக்கு முன்பே பல் மருத்துவரிடம் கூட்டிப்போய் ஆடுகிற பல்லைப் பிடுங்கிவிடுவது, எந்தச் சப்பு மாத்திரையைவிடவும் முந்தி நடக்க வேண்டிய வேலை. அப்படியே வாயையும் பார்த்துவிடுவார்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம், செந்திட்டு, இரண்டு வாரமாக ஆறாத புண், மூன்று விரலை அடுக்கி நுழைக்க முடியாத அளவுக்கு இறுகிய வாய், கழுத்தில் கட்டி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், எதைக் கொண்டு விடுவது என்ற ஆராய்ச்சியை ஒத்திவைத்துவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நடுவில் ஒரு நாள் நோம்பியிலோ எழவு வீட்டிலோ கை போய்விட்டது என்று வருகிறவர்கள், "இனிமேல் இந்த மருந்து எதற்கு" என்று அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் பார்ப்பார்கள். ஒரு வாய் போட்டுவிட்டதால் பேட்ச்சைக் கழற்ற வேண்டியதில்லை. மாத்திரையையும் நிறுத்த வேண்டியதில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் தொடரலாம். ஒரே வாரத்தில் மூன்று நான்கு முறை அப்படி ஆகிறதென்றால் அளவு போதவில்லை என்று அர்த்தம். 2 மி.கி. போடுகிறவர் 4 மி.கி.க்கு, சப்பு மாத்திரை மட்டும் வைத்திருப்பவர் கூடவே பேட்ச்சுக்கு, இரண்டையும் பார்த்துவிட்டவர் வாரெனிக்லினுக்கு மாறுவது பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டிய நேரம் அது.